பேரன் பிறந்த பின் காடு

மனு தர்மத்தின் ஆறாம் அத்தியாயம் தொடங்கும்போதே, ஒரு மனிதன் எப்போது வீட்டை விட்டுக் கிளம்பலாம் என்று சொல்லிவிடுகிறது. மூன்று அடையாளங்கள். தோல் சுருங்கியிருக்க வேண்டும். தலை நரைத்திருக்க வேண்டும். பிள்ளைக்குப் பிள்ளை பிறந்திருக்க வேண்டும். இந்த மூன்றையும் பார்த்தவன் காட்டுக்குப் போகலாம். மனைவியைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டுப் போகலாம், கூட்டிக்கொண்டும் போகலாம்.

மனுவின் மற்றச் சட்டங்களோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் 2016 செப்டம்பரில் என் மகளுக்குப் பையன் பிறந்தபோது இந்த மூன்று அடையாளங்களும் எனக்கு அச்சுக் குத்தினாற்போலப் பொருந்தின. மின்வாரியத்தில் முப்பத்திச் சொச்சம் வருஷம் வேலை பார்த்து, 2014-ல் 58 வயதில் ஓய்வு பெற்றிருந்தேன். அதில் பதினொரு வருஷம் நீலகிரியில், குந்தா பக்கம். அணைக்கும் மின்நிலையத்துக்கும் நடுவே ஜீப்பில் போய்வந்தவனுக்குச் சுற்றிலும் இருந்த காட்டை நின்று பார்க்க நேரமில்லை. ரிடையர் ஆனதும் முதல் வேலையாக ஒரு பைனாகுலர் வாங்கினேன். சூலூர் குளம், சிங்காநல்லூர் குளம், சிறுவாணி அடிவாரம் என்று விடியற்காலையில் கிளம்பிவிடுவேன். மாதம் ஒருமுறை மலை ஏற்றம். இரண்டு வருஷம் அப்படி ஓடியது. அதற்கப்புறம்தான் பேரன்.

மனு சொன்ன இடத்தில் காடு திறக்க வேண்டும். எனக்கு அங்கேதான் கதவு சாத்தியது.

மகளுக்குத் தனியார் கம்பெனியில் வேலை. அப்போது சட்டப்படி பேறுகால விடுப்பு 12 வாரம். அடுத்த வருஷமே, 2017-ல், சட்டம் திருத்தப்பட்டு 26 வாரம் ஆனது. அவளுக்கு அது கிடைக்கவில்லை. மூன்று மாதக் குழந்தையைக் காலை எட்டு மணிக்கு எங்கள் வீட்டில் விட்டுவிட்டு ஆபீஸ் போவாள், ராத்திரி ஏழரைக்கு வந்து எடுத்துப் போவாள். "அப்பா, உங்களுக்குச் சிரமமா இருக்குதுங்களா?" என்று கேட்பாள். இல்லையென்றுதான் சொல்வேன். எனக்கு உண்மையிலேயே சிரமமில்லை. ஏன் இல்லை என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் காட்டு விஷயத்தை முடித்துவிடலாம். அந்தக் காலத்தில் தாத்தாக்கள் எல்லோரும் பேரன் முகம் பார்த்த கையோடு காட்டுக்குப் புறப்பட்டுப் போனார்களா என்றால், அப்படித் தெரியவில்லை. பேட்ரிக் ஒலிவெல் என்ற சமஸ்கிருத அறிஞர் ஆசிரம முறையைப் பற்றி 1993-ல் ஒரு தனி நூலே எழுதியிருக்கிறார். பிரம்மச்சரியம், இல்லறம், வானப்பிரஸ்தம், சந்நியாசம் என்ற நான்கும் ஆரம்பத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும் படிகளாக இருக்கவில்லை என்பது அவர் கருத்து. குருகுலப் படிப்பை முடித்த இளைஞனுக்கு முன்னால் வைக்கப்பட்ட நான்கு பாதைகள் அவை. ஒன்றைப் பிடித்தால் சாகிறவரை அதுதான். வயதுக்கேற்ற படிகளாக அவற்றை அடுக்கி வைத்தது பிற்பாடு நடந்த ஏற்பாடு. குடும்பம் நடத்துகிறவனையும் துறவியையும் ஒரே வாழ்க்கைக்குள் சமாதானப்படுத்தி உட்கார வைக்கும் ஏற்பாடு. அதிலும் காட்டு வாசம் சுலபமாக இல்லை. உழுத நிலத்தில் விளைந்ததைத் தொடக்கூடாது, மழையில் கூரையில்லாமல் இருக்க வேண்டும், கோடையில் தீ வளர்த்து நடுவில் நிற்க வேண்டும். இடைக்காலத்துத் தர்மசாஸ்திரக்காரர்கள் கலியுகத்தில் செய்யக்கூடாதவை என்று பட்டியல் போட்டபோது அதில் வானப்பிரஸ்தத்தையும் சேர்த்துவிட்டார்கள். புத்திசாலிகள்.

கதையில் மட்டும் போயிருக்கிறார்கள். மகாபாரதத்தில் ஆசிரமவாசிக பர்வம் என்று ஒரு சின்னப் பர்வம் இருக்கிறது. போர் முடிந்து 15 வருஷம் கழித்துத் திருதராஷ்டிரன் காட்டுக்குக் கிளம்புகிறான். கண்ணில்லாதவன். மனைவி காந்தாரி கண்ணைக் கட்டிக்கொண்டவள். முன்னால் குந்தி நடக்கிறாள், அவள் தோளில் காந்தாரியின் கை, காந்தாரியின் தோளில் திருதராஷ்டிரனின் கை. வழியனுப்பிவிட்டுத் திரும்பிவிடுவாள் என்றுதான் பாண்டவர்கள் நினைக்கிறார்கள். அவள் திரும்பவில்லை. பிள்ளைகள் கெஞ்சுகிறார்கள். கொள்ளுப்பேரன் பரீட்சித்து அரண்மனையில் வளர்ந்துகொண்டிருக்கிறான். அவள் நடந்துகொண்டே இருக்கிறாள். யாருக்காகப் போர் நடத்தச் சொன்னாளோ அந்தப் பிள்ளைகள் ஜெயித்து ராஜ்ஜியம் ஆளும்போது, அதில் ஒரு நாள்கூட உட்கார்ந்து அனுபவிக்க அவளுக்கு மனமில்லை. இந்தக் காட்சியைச் சின்ன வயதில் கதாகாலட்சேபத்தில் கேட்டபோது பிள்ளைகளின் அழுகைதான் மனதில் நின்றது. இப்போது படித்தால் குந்தியின் நடைதான் தெரிகிறது. குந்தி யாரிடமும் அனுமதி கேட்கவில்லை என்பதும் தெரிகிறது.

(பாண்டவர்களும் கடைசியில் பரீட்சித்துக்குப் பட்டம் கட்டிவிட்டு ஒரு நாயோடு இமயமலைக்கு நடக்கிறார்கள். பேரனிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு மலையேறப் போன முதல் கோஷ்டி அதுவாகத்தான் இருக்கும்.)

தமிழில் பேச்சு வேறு. தொல்காப்பியக் கற்பியலின் கடைசிப் பகுதியில் முதுமை பற்றி ஒரு சூத்திரம் வருகிறது. காம இன்பம் நிறைந்து முடிந்த காலத்தில், தலைவனும் தலைவியும் பிள்ளைகளோடு நெருங்கியிருந்து, அறம் செய்யும் சுற்றத்தோடு சேர்ந்து, சிறந்ததைப் பழக வேண்டும், கழிந்துபோன வாழ்க்கையின் பயன் அதுவே என்பது அதன் சாரம். அந்தச் 'சிறந்தது' எது என்பதில் உரைகாரர்களுக்கு நிறைய வேலை இருந்திருக்கிறது. எனக்குக் கண்ணில் படுவது இரண்டு. ஒன்று, காட்டுக்குத் தனியாகப் போ என்று அதில் இல்லை. இன்னொன்று, கிழவனும் கிழத்தியும் என்று இரண்டு பேரையும் சேர்த்துச் சொல்கிறது. மனைவியை யாரிடமும் ஒப்படைக்கவில்லை.

என் அப்பாருவுக்கு இந்த இரண்டு நூலும் தெரியாது. அப்பாவின் அப்பாவை எங்கள் பக்கம் அப்பாரு என்போம். சூலூருக்குக் கிழக்கே மூன்று ஏக்கர் மானாவாரி, ஒரு கிணறு, பத்துப் பன்னிரண்டு வெள்ளாடு. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து நான் அவர் பின்னால்தான். ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போவார், நானும் போவேன். கிணற்று மேட்டில் உட்கார்ந்து கயிறு திரிப்பார், நான் பக்கத்தில் ஓணானைத் துரத்திக்கொண்டிருப்பேன். கௌதாரி கூப்பிட்டால் எந்தப் பக்கம் என்று கை நீட்டிக் காட்டச் சொல்வார். அவர் என்னைப் பார்த்துக்கொண்டாரா, அல்லது அவர் வெளியே போனபோது நான் கூடப் போனேனா என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே வேலை. அவருக்கு ஓய்வு பெறும் வயது என்று ஒன்று கிடையாது. ஏர் பிடிக்கிற கை தளர்ந்தபோது ஆட்டுக்கு மாறினார், ஆட்டின் பின்னால் நடக்க முடியாதபோது கயிற்றுக் கட்டிலுக்கு மாறினார். பேரன்கள் கட்டிலைச் சுற்றிக் கிடந்தோம்.

வீடும் வெளியும் எங்கே பிரிந்தன என்றால், சம்பளத்தில்தான். சம்பளம் என்று வந்தால் வேலை நேரம் என்று ஒன்று வரும். வேலை நேரம் முடிகிற நாள் என்று ஒன்றும் வரும்.

உலகத்தில் அப்படி ஒரு நாளைப் பொதுச்சனத்துக்கு முதலில் குறித்துக் கொடுத்த பெரிய சட்டம் ஜெர்மனியில், 1889-ல், பிஸ்மார்க் கொண்டுவந்தது. முதியோர் ஓய்வூதியம் கிடைக்கும் வயது 70. 65 என்று பலரும் எழுதுகிறார்கள், அது 1916-ல்தான் குறைக்கப்பட்டது. சட்டம் வந்தபோது பிஸ்மார்க்குக்கு வயது 74, அவர் இன்னும் பதவியில் இருந்தார். சோஷலிஸ்டுகளின் கையில் தொழிலாளிகள் போய்விடக்கூடாது என்ற கணக்கும் அதில் இருந்தது. இந்தியாவில் ஓய்வூதியச் சட்டம் அதற்கு முன்பே, 1871-ல், வந்துவிட்டது. ஆனால் அது சர்க்கார் உத்தியோகஸ்தர் விவகாரம், சாதாரண ஜனத்துக்கு அதில் இடமில்லை. 1922-ல் வந்த அடிப்படை விதிகள் அரசு ஊழியருக்கு 55 வயது என்று கோடு போட்டன. மத்திய அரசில் 1962-ல் அது 58 ஆகி, 1998-ல் 60 ஆனது. தமிழ்நாட்டில் நான் வெளியே வந்தபோது 58. 2020-ல் 59 ஆக்கினார்கள், 2021-ல் 60 ஆக்கினார்கள். எனக்குப் பின்னால் வந்தவர்கள் வாங்கின இரண்டு வருஷச் சம்பளத்தை நினைத்து வயிறு எரிந்ததுண்டு, மறைப்பானேன்.

அந்த 55-ஐப் போட்ட காலத்தில் அதற்கப்புறம் இருபது வருஷம் சும்மா நடமாடப் போகிற ஒரு கூட்டம் உருவாகும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். 1951 வாக்கில் இந்தியாவில் பிறக்கும் குழந்தையின் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டித்தான் இருந்தது. குழந்தைச் சாவுகள் அதிகம் என்பதால் அந்தச் சராசரி அவ்வளவு கீழே இருந்தது, பெரியவர்களில் அறுபதைத் தாண்டியவர்களும் இருந்தார்கள்தான். இருந்தாலும் மாதாமாதம் பணம் வந்துகொண்டு, கால் திடமாக இருந்து, செய்ய வேண்டிய வேலை என்று ஒன்றுமில்லாமல் இத்தனை பேர் ஒரே நேரத்தில் இருப்பது சரித்திரத்தில் இதற்கு முன் இல்லை. நாங்கள்தான் முதல் கும்பல். எங்களுக்கு முன்னால் நடந்து பாதை போட்டவர் கிடையாது. நாங்களாக ஒரு காட்டைக் கண்டுபிடித்துக்கொண்டோம். சிலருக்குக் கோயில், சிலருக்கு வாக்கிங் கிளப், எனக்குப் பறவை.

'நாங்கள்' என்று எழுதிவிட்டேன். எழுதின கை கொஞ்சம் தயங்குகிறது. காரணம் 2019 பொங்கல்.

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு மாடியிலோ குளக்கரையிலோ குறைந்தது 15 நிமிஷம் நின்று, பார்த்ததை எண்ணி, இபேர்ட் என்ற இணையத் தளத்தில் ஏற்ற வேண்டும். பொங்கல் நாலு நாளும் மகளும் மருமகனும் பேரனோடு வீட்டுக்கு வருகிற நாட்கள். இந்த இரண்டையும் ஒரே வாரத்தில் வைத்த கைங்கரியத்தை நான் மனதுக்குள் பலமுறை திட்டியிருக்கிறேன்.

அந்த வருஷம் காணும் பொங்கலன்று மகளும் மருமகனும் ஈரோட்டில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார்கள். பையனுக்கு லேசாக மூக்கு ஒழுகியதால் எங்களிடம் விட்டுவிட்டார்கள். அவனுக்கு இரண்டு வயது நாலு மாதம். நான் ஆறு மணிக்கே சூலூர் குளத்துக்குப் போய்விட்டேன். பனி விலகும்போது கூழைக்கடாக்கள் வந்து இறங்கின. புள்ளிமூக்கு வாத்துகள் தனியாக ஒரு ஓரம். நத்தைகுத்தி நாரைகள் கரை நெடுகிலும். போனைச் சைலண்டில் போட்டு உள்பாக்கெட்டில் வைத்திருந்தேன். எண்ணும்போது போன் அடித்தால் எண்ணிக்கை தப்பும். முக்குளிப்பானை எண்ணுவது பெரிய பாடு, எண்ணி முடிப்பதற்குள் பாதி முங்கிவிடும், முங்கினது வேறு இடத்தில் எழும்பும்.

ஒன்பதரைக்குப் போனை எடுத்தபோது பதினேழு மிஸ்டு கால்.

பையனுக்குக் காய்ச்சல் திடீரென்று ஏறி வலிப்பு வந்திருக்கிறது. கண் மேலே சொருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்து, வாயில் நுரை. மூன்று நிமிஷத்துக்குள் நின்றுவிட்டது என்று பிற்பாடு சொன்னார்கள். என் மனைவிக்கு அது மூன்று நிமிஷமா, மூன்று வருஷமா என்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன் பைக்கில் முன்னால் உட்கார, இவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். நான் போய்ச் சேர்ந்தபோது அவன் தூங்கிக்கொண்டிருந்தான். இந்த வயதுக் குழந்தைகளுக்குக் காய்ச்சலில் இப்படி வருவதுண்டு, பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். என் கழுத்தில் பைனாகுலர் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்ற மறந்துவிட்டேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, குழந்தையின் நெற்றியில் இருந்த ஈரத் துணியை மாற்றிக்கொண்டே கேட்டாள்.

"எத்தனை பறவைங்க?"

கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டாள். அல்லது அப்படிக் கேட்கத்தான் அவளுக்குத் தெரிந்தது. நான் பதில் சொல்லவில்லை.

எனக்கு ஏன் சிரமமில்லை என்று பின்னால் சொல்வதாகச் சொன்னேனே, அது இதுதான். பேரனைப் பார்த்துக்கொண்டிருந்தது நானில்லை. சாயங்காலம் ஒரு மணி நேரம் தோளில் தூக்கித் தெருவில் உலாத்துவேன், அதைப் பார்க்கிறவர்கள் "அப்புச்சி நல்லாப் பாத்துக்கறாரு" என்பார்கள். பால் காய்ச்சி, பீத்துணி அலசி, சோறு பிசைந்து, மத்தியானம் தொட்டில் ஆட்டியதெல்லாம் அம்மிச்சி. எனக்கு ரிடையர்மெண்ட் ஆர்டர் வந்தது. அவளுக்கு எந்த ஆர்டரும் வரவில்லை. மனு அவளைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டுப் போகச் சொன்னார். நான் பிள்ளையின் பிள்ளையை அவளிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன்.

அந்தப் பொங்கலுக்குப் பிறகு ஒரு வருஷம் பைனாகுலரை எடுக்கவில்லை. அதுவும் ஒரு வீம்புதான். குற்ற உணர்ச்சி கொண்டவன் வீட்டுக்குள்ளேயே சுற்றினால் மற்றவர்களுக்குத்தான் தொந்தரவு. அந்த நாட்களில்தான் பாட்டிகளைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தேன்.

தான்சானியாவில் ஏயாசி ஏரியைச் சுற்றி ஹட்ஸா என்ற மக்கள் வாழ்கிறார்கள். வேட்டையும் கிழங்கு அகழ்வதும் தேனெடுப்பதும் அவர்கள் பிழைப்பு. கிறிஸ்டன் ஹாக்ஸ் என்ற மானுடவியலாளரும் அவரது சகாக்களும் 1980-களில் அங்கே தங்கி, யார் எவ்வளவு நேரம் உணவு தேடுகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். கண்ணில் பட்டது கிழவிகள். பிள்ளை பெறும் வயதைக் கடந்த பெண்கள் இளம்பெண்களைவிட அதிக நேரம் கூரிய குச்சியால் பாறை நிலத்தைத் தோண்டிக் கிழங்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தாய்க்கு அடுத்த குழந்தை பிறந்துவிட்டால், பால்குடி மறந்த மூத்த பிள்ளை நன்றாக வளர்வதும் மெலிவதும் பாட்டி கொண்டுவரும் கிழங்கைப் பொறுத்து இருந்தது. 1989-ல் இதை எழுதினார்கள். பிறகு அதை வளர்த்து ஒரு கருதுகோளாக வைத்தார்கள். சிம்பன்சிப் பெண்கள் பிள்ளை பெறும் காலம் முடிந்த பிறகு அதிக நாள் உயிரோடு இருப்பதில்லை. மனுஷப் பெண் மட்டும் மாதவிலக்கு நின்ற பிறகும் இத்தனை வருஷம் ஏன் வாழ்கிறாள்? பேரப்பிள்ளைகளுக்குச் சோறு தேடிப் போட்ட பாட்டிகளின் வம்சம் தழைத்தது, அதனால் மனித ஆயுளே நீண்டது என்பது அவர்கள் வாதம். மறுக்கிறவர்களும் இருக்கிறார்கள், சர்ச்சை இன்னும் முடியவில்லை.

எனக்கு அதில் பிடித்தது வேறொன்று. அந்தக் கிழவிக்குக் காடு வேறு, பேரன் வேறு இல்லை. பேரனுக்காகத்தான் காட்டுக்குப் போகிறாள், பல நேரம் அவனும் கூடவே போகிறான். என் அப்பாருவின் கிணற்று மேடு மாதிரி. அந்தக் கருதுகோளில் தாத்தாவுக்குப் பெரிய வேலை எதுவும் கொடுக்கவில்லை என்பதையும் கவனித்தேன். என் மனைவியிடம் படித்துக் காட்டியபோது "அது செரி" என்றாள்.

அவளுக்கு இன்னொரு பாட்டியின் கதையையும் சொன்னேன். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் எம்மா கேட்வுட் என்று ஒரு பெண்மணி. 1887-ல் பிறந்தவர். பதினொரு பிள்ளைகள். குடியானவக் குடும்பம். புருஷன் அடிப்பவன். பல வருஷம் அடிபட்டு, 1941-ல் விவாகரத்து வாங்கினார். எங்கேயோ கிடைத்த ஒரு பழைய நேஷனல் ஜியாக்ரபிக் இதழில் அப்பலாச்சியன் மலைப் பாதையைப் பற்றிப் படித்திருக்கிறார். ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் மாநிலம் வரை மலை முகட்டிலேயே போகும் பாதை, அப்போதைய நீளம் சுமார் 2,050 மைல். 1954-ல் வடக்குப் பக்கமிருந்து ஆரம்பித்து, வழி தவறி, கண்ணாடியை உடைத்துக்கொண்டு திரும்பினார். அடுத்த வருஷம் மே மாதம் தெற்கிலிருந்து ஆரம்பித்தார். கான்வாஸ் ஷூ, தானே தைத்த துணிப்பை, மழைக்குப் பிளாஸ்டிக் குளியலறைத் திரைச்சீலை. கூடாரம் இல்லை, தூங்கும் பை இல்லை. செப்டம்பர் 25-ம் தேதி கட்டாடின் சிகரத்தில் ஏறி நின்றபோது அவருக்கு வயது 67, பேரப்பிள்ளைகள் 23 பேர். அந்தப் பாதை முழுவதையும் ஒரே பருவத்தில் தனியாக நடந்து முடித்த முதல் பெண் அவர்தான். பத்திரிகைகள் அவருக்கு வைத்த பெயரிலேயே 'பாட்டி' இருந்தது. 1957-ல் மறுபடியும் முழுக்க நடந்தார். மூன்றாவது முறையாகப் பகுதி பகுதியாக நடந்து 1964-ல் முடித்தார்.

கிளம்பும்போது பிள்ளைகளிடம் எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை. சும்மா கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்றுதான் சொன்னாராம்.

இதைக் கேட்டதும் என் மனைவி சிரித்தாள். ரொம்ப நேரம் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "எனக்கும் ஒருக்கா பழனிக்கு நடந்து போகோணும்னு இருக்குதுங்க. சின்னப் புள்ளையில எங்க அமுச்சி போவாங்க. என்னையக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டே இருந்தாங்க, நா வயசுக்கு வந்துட்டேன், அப்பறம் கூட்டிட்டுப் போகலை."

கல்யாணமாகி முப்பத்தேழு வருஷத்தில் இதை நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. எது முதல் என்று தெரியவில்லை.

நம் ஊரில் கிழவர்கள் கிழவிகளின் மலையேற்றத்துக்குப் பெயர் யாத்திரை. பொழுதுபோக்கு என்று சொன்னால் யாரும் விடமாட்டார்கள், வேண்டுதல் என்றால் வழி விடுவார்கள். சபரிமலையில் 1991-ல் கேரள உயர்நீதிமன்றம் 10 வயதிலிருந்து 50 வயது வரையிலான பெண்கள் போகக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. 2018-ல் உச்சநீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாதென்றது. அந்த விவகாரத்தின் நியாய அநியாயம் தனிக்கதை. நான் யோசித்தது, அந்த விதிப்படி மலைக்குப் போக முடிந்த பெண்கள் யார் யார் என்று. சின்னப் பெண்ணும் கிழவியும். பேத்தியும் பாட்டியும். நடுவில் இருக்கிற அம்மா மட்டும் வீட்டில். கலியாணமாகாத பெண்ணாகப் போன மலைக்கு மறுபடி போக ஒருத்தி நாற்பது வருஷம் காத்திருக்க வேண்டும். பழனிக்கு அப்படி விதியொன்றும் கிடையாது. இவள் அமுச்சியின் மனதில்தான் இருந்தது.

மா. கிருஷ்ணனைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. அ. மாதவையாவின் மகன், காட்டுயிர்களைப் பற்றி 1950-லிருந்து 1996-ல் சாகிறவரை ஒரு கல்கத்தாப் பத்திரிகையில் பத்தி எழுதியவர். யானையையும் காட்டெருதையும் கருப்பு வெள்ளையில் படமெடுத்துக்கொண்டு காடு காடாக அலைந்த மனுஷர், பேத்திக்காக மிருகங்களைப் பற்றி ஆங்கில அகரவரிசையில் பாட்டெழுதிப் படமும் போட்டுக் கொடுத்திருக்கிறார். அவர் போன பிறகு அது புத்தகமாக வந்தது. காட்டை வீட்டுக்குக் கொண்டுவர அப்படியும் ஒரு வழி. எனக்குப் பாட்டு எழுத வராது. பேரனை மாடிக்குக் கூட்டிப்போனேன்.

15 நிமிஷம்தான். ஐந்து வயதுப் பையனுக்கு அதுவே அதிகம். முதல் நாள் காகம் ஆறு, மைனா நாலு, புறா எண்ண முடியவில்லை. கரிச்சானின் வால் இரட்டையாகப் பிரிந்திருப்பதை அவன்தான் முதலில் சொன்னான். செம்பகத்தின் குரலைக் கேட்டு எந்தப் பக்கம் என்று கை நீட்டினான். நான் காட்டச் சொல்லவில்லை, அவனாகவே நீட்டினான்.

2023-ல் தைப்பூசம் பிப்ரவரி 5-ம் தேதி வந்தது. அதற்கு நாலு நாள் முன்னால் எங்கள் தெருப் பெண்கள் எட்டுப் பேரோடு என் மனைவி பழனிக்கு நடக்கக் கிளம்பினாள். சூலூரிலிருந்து நூறு கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். பச்சைச் சேலை, ரப்பர் செருப்பு, தோளில் ஒரு மஞ்சள் பை. முழங்காலுக்குத் தைலம் வைத்துக் கொடுத்தேன். மகள் மூன்று நாள் லீவு போடுகிறேன் என்றாள், வேண்டாமென்றேன்.

முதல் நாள் காலையிலேயே பேரனுக்கு டிபன் பாக்ஸில் என்ன வைப்பது என்று தெரியவில்லை. யூனிபார்ம் எந்த அலமாரியில் என்று தெரியவில்லை. பால்காரர் கணக்கு எந்தக் காலண்டரில் என்று தெரியவில்லை. பத்து மணிக்குள் அவளுக்கு ஐந்து முறை போன் போட்டேன். எடுக்கவில்லை. மத்தியானம் மறுபடி. எடுக்கவில்லை. சாயங்காலம் கூடப் போன ஒருத்தியின் நம்பரைப் பிடித்துக் கூப்பிட்டேன். "அக்கா முன்னால போயிட்டாங்கண்ணா, எங்களால புடிக்க முடியலை" என்றாள்.

ராத்திரி எட்டரைக்கு அவளே கூப்பிட்டாள். போன் பைக்குள் அடியில் கிடந்ததாம். பொள்ளாச்சி ரோட்டோரம் ஒரு பந்தலில் சோறு போட்டார்களாம், ரசம் நன்றாக இருந்ததாம். பையன் சாப்பிட்டானா என்று கேட்டாள். சாப்பிட்டான் என்றேன். தோசை கருகியதைச் சொல்லவில்லை.

நாலாம் நாள் இரவு பஸ்ஸில் திரும்பி வந்தாள். உள்ளங்காலில் இரண்டு கொப்புளம், ஒன்று உடைந்திருந்தது. முகத்தில் வெயில். சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பேரன் தூங்காமல் காத்திருந்தான். என் போனை எடுத்து வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அம்மிச்சி, போற வழியில என்ன பறவை பாத்தீங்க?"

"மயிலு பாத்தேன் கண்ணு. உடுமலை தாண்டி, காத்தாடி சுத்துற பக்கம். காட்டுக்குள்ள பூராவும் மயிலு."

"எத்தனை?"

"எண்ணலையே சாமி. நடந்துட்டே இருந்தேன்."

அவன் என்னைப் பார்த்தான். எண்ணாமல் விட்டதை எப்படி எழுதுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. இபேர்டில் அதற்கும் ஒரு வழி இருக்கிறது. பறவையைப் பார்த்தோம், எண்ணவில்லை என்றால் எண்ணிக்கைக் கட்டத்தில் எக்ஸ் என்று போடலாம். மயிலுக்கு நேராக அவனையே போடச் சொன்னேன்.